சனிக்கிழமைக் கூலியும் முப்பத்தொரு நாளும்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்குப் போன் வந்தால் அது அநேகமாகக் கூலி விஷயமாகத்தான் இருக்கும். தக்கலையில் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஜிஎஸ்டி தாக்கல், வருமான வரி, லோன் கேட்டுப் போகிறவருக்கு ஒரு ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்), இவ்வளவுதான். பணம் கொடுப்பது என் வேலை இல்லை. ஆனாலும் கல்லா காலியானால் முதல் போன் கணக்குப்பிள்ளைக்குத்தான் வரும்.

அன்று கூப்பிட்டவர் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். முந்தின வாரம்தான் அவருடைய கணக்கைக் கூட்டிப் பார்த்து, மாதம் தொண்ணூறாயிரம் போல நிற்கிறது என்று நானே சொல்லியிருந்தேன்.

"அண்ணே, லாபம் இருக்குன்னு நீங்கதான சொன்னிய? பின்ன கூலி குடுக்க காசு எங்க?"

"எல்லாம் கடைக்காரங்களுக்க கையில கெடக்கு மக்களே."

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதும் வேடிக்கைக்கு இல்லை. லாபம் இருக்கும்போதே காசு இல்லாமல் போவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். புத்தகத்தில் இதைப் பணவோட்டம் என்பார்கள். நம் ஊர்க் கடைத்தெருவில் இதற்குப் பெயர் ரொட்டேஷன். "லாபம் உண்டு, ரொட்டேஷன்தான் ஆகல" என்று சொல்லாத வியாபாரியை நான் பார்த்ததில்லை. எல்லோரும் சொல்கிறார்கள், உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

அவருடைய சிப்ஸ் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்களைக் கொஞ்சம் உருட்டிச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எளிதாக இருக்கும். ஒரு நாள் சரக்குக்குக் காய் 6,400 ரூபாய், தேங்காய் எண்ணெய் 6,500, கூலி 5,600, கேஸ், கவர், வண்டிச் சத்தம் (வாடகை) எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 20,000. அந்தச் சரக்கை 23,000 ரூபாய்க்குக் கடைகளுக்குப் போடுகிறார். நாளுக்கு 3,000 லாபம், மாதத்துக்கு 90,000. இதில் தப்பே இல்லை. நல்ல வியாபாரம்.

இப்போது அதே கணக்கை ரூபாயில் பார்க்காமல் நாளில் பாருங்கள். காயைச் சந்தையில் ரொக்கத்துக்குத்தான் எடுக்க வேண்டும். வாங்கிய காய் சிப்ஸாகி, கவரில் அடைபட்டு, கடைக்குப் போய்ச் சேர நான்கு நாள். கடைக்காரர் பணம் தருவது முப்பது நாள் கழித்து. ஆக, இன்று போன காசு திரும்பி வர 34 நாள். இதில் அவருக்குச் சாதகமாக இரண்டு விஷயம் உண்டு. எண்ணெய்க் கடைக்காரர் ஏழு நாள் தவணை கொடுக்கிறார். அப்புறம் கூலி. அதையும் அன்றன்றைக்குக் கொடுக்காமல் வாரக் கடைசியில் கொடுக்கிறார். யோசித்துப் பார்த்தால் திங்கட்கிழமை செய்த வேலைக்குச் சனிக்கிழமை வரை அந்த எட்டுப் பேரும் அவருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் சனிக்கிழமை தவறினால் அவ்வளவு கூச்சமாக இருக்கிறது. இந்த இரண்டையும் மொத்தச் செலவில் பங்கு போட்டால் சுமார் மூன்று நாள் கழியும். மீதி 31 நாள்.

31 நாளும் தினம் 20,000 ரூபாய் வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். 6,20,000 ரூபாய். இது அடுப்பு, வாணலி, ஷெட் வாடகை முன்பணம் எல்லாம் கழித்து, வெறுமனே சக்கரம் சுற்றுவதற்கு மட்டும் வேண்டிய பணம். இதற்குத்தான் நடைமுறை மூலதனம் என்று பெயர். அவர் தொழில் தொடங்கும்போது இதற்கென்று கையில் வைத்திருந்தது மூன்று லட்சம். பதினைந்து நாளில் முடிந்துவிட்டது. மீதியை நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு எடுத்து ஓட்டுகிறார். 3,20,000 ரூபாய்க்கு மூணு வட்டி என்றால் மாதம் 9,600. வட்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுவார், கடைக்காரர் மட்டும் "வர்ற திங்கள்" என்பார்.

உங்கள் தொழிலுக்கு இந்த நாள் கணக்கைப் போடப் பெரிய படிப்பு வேண்டாம். மூன்று எண் போதும். ஒன்று, இன்றைய தேதிக்கு வெளியே நிற்கும் பாக்கி மொத்தம். அதை ஒரு நாள் விற்பனையால் வகுத்தால் கடன் எத்தனை நாள் நிற்கிறது என்று தெரியும். சிப்ஸ்காரருக்கு 6,90,000 பாக்கி, நாள் விற்பனை 23,000, அதாவது முப்பது நாள். இரண்டாவது, ஷெட்டிலும் குடோனிலும் கிடக்கும் சரக்கின் அடக்க விலை. அதை ஒரு நாள் செலவால் வகுக்க வேண்டும். 80,000 என்றால் நான்கு நாள். மூன்றாவது, நீங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி. 60,000 என்றால் மூன்று நாள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழியுங்கள். வருகிற எண்ணை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டுங்கள். லாப நட்டக் கணக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். இந்த எண்ணை மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

பலருக்குப் புரியாதது இதன் அடுத்த படி. வியாபாரம் குறையும்போது காசுக்குத் தட்டுப்பாடு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வியாபாரம் கூடும்போதுதான் தட்டுப்பாடு இன்னும் மோசமாக வரும். நாள் சரக்கு இரட்டிப்பானால் 31 நாளைக்கு வேண்டிய பணமும் 12,40,000 ஆகிவிடும். கூடுதல் லாபம் வந்து சேர்வதற்கு முன்பே கூடுதல் காய்க்கும் எண்ணெய்க்கும் காசு கொடுத்தாக வேண்டும். பெரிய ஆர்டர் கிடைத்தது என்று லட்டு வாங்கிக்கொண்டு வந்து, மூன்று மாதம் கழித்து ஷெட்டைப் பூட்டியவர்களை இந்த இருபது வருஷத்தில் பார்த்திருக்கிறேன். அவர்கள் கணக்கில் கடைசி நாள் வரை லாபம்தான் இருந்தது.

விற்பனை ஒரு பாக்கெட் கூடக் கூடாமலே இது நடக்கலாம். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறியது ஞாபகம் இருக்கும். நாள் செலவு 20,000 என்பது 24,000 ஆனால், அதே 31 நாளுக்கு 7,44,000 வேண்டும். விற்பனை விலையையும் அதற்கேற்றபடி ஏற்றி லாபத்தைக் காப்பாற்றிவிட்டாலும், 1,24,000 ரூபாய் புதிதாக உள்ளே போட்டே தீர வேண்டும். "வெல கூட்டிட்டேன் அண்ணே, பின்னயும் இறுக்கம்" என்றால் காரணம் இதுதான்.

சரி, என்ன செய்யலாம்? எல்லோரும் முதலில் போகிற இடம் வங்கி. நான் கடைசியில் போகச் சொல்வேன். சிப்ஸ்காரருடைய 31 நாளை 26 நாளாக்கினால் ஒரு லட்சம் ரூபாய் கையில் வரும். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, மேனேஜர் முன்னால் கைகட்டி நிற்கவும் வேண்டாம்.

அவருடைய பற்று நோட்டை ஒரு நாள் முழுக்கப் புரட்டினேன். எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டு, நடுவில் பழைய பில்கள் சொருகியது. இருபத்திரண்டு கடை. அதில் ஒன்பது கடைக்காரர்கள் கேட்டால் அன்றைக்கே கொடுக்கிறவர்கள். இவர்தான் கேட்பதே இல்லை. சரக்கு இறக்குகிற பையன் பில்லைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான், வசூலுக்கு என்று தனியாக ஆள் போவதில்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சம். இன்னும் நான்கு கடைகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாகப் பில் போகிறது. பில்லே போகாத கடையில் பணத்துக்கு எங்கே போவது? சரக்கு இறங்குகிற அன்றே பில், வாரத்தில் ஒரு நாள் வசூல், பழைய பில் ஒன்றாவது தீர்ந்தால்தான் புதுச் சரக்கு. இந்த மூன்றுக்கே அவருக்கு நான்கு நாள் குறைந்தது.

உடனே கொடுத்தால் தள்ளுபடி என்று சிலர் சொல்வார்கள். அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். முப்பது நாளில் தர வேண்டியதை ஏழு நாளில் தந்தால் 2 சதவீதம் கழிவு என்று வைத்தால், 23 நாளுக்கு இரண்டு ரூபாய் வட்டி கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். மாதக் கணக்கில் அது இரண்டரை வட்டியைத் தாண்டும். மூணு வட்டிக்குக் கடன் வாங்கி ஓட்டுகிறவருக்கு அது கொஞ்சம் லாபம். வங்கிக் கடனில் ஓட்டுகிறவருக்கு நட்டம். நான் 1 சதவீதத்துக்கு மேல் சொல்வதில்லை.

கடன் நாளுக்குச் சட்டமும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க அரசின் இணையதளமும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், திங்கள்சந்தையில் தினமும் முகத்தைப் பார்க்கிற கடைக்காரர் மேல் யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை. நானும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய கடைகளிடம் வேறொரு பிடி இருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த வருமான வரித் திருத்தப்படி, இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, பணத்தைக் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் பாக்கி நின்றால் அவர்களுக்கு வரி கூடும். அதனால் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொண்டு, அந்த எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிற ஏஜென்ட்டுகளை நம்ப வேண்டாம். அப்புறம் மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் வசூல் ஆள் போல வேலை செய்வார். வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, செய்து விற்கிறவர்களுக்கும் சேவைத் தொழிலில் இருப்பவர்களுக்கும்தான்.

வரியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஜிஎஸ்டியையும் சொல்லிவிடுகிறேன். வரி பில் தேதிக்கு. பணம் வந்த தேதிக்கு இல்லை. ஆகஸ்டில் பில் போட்டால், மாதாமாதம் தாக்கல் செய்கிறவர் செப்டம்பர் 20-க்குள் கட்ட வேண்டும், கடைக்காரர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். வராத பணத்துக்கு நாம் வரி கட்டி வைத்திருப்போம். இதிலிருந்து தப்பிக்கக் காம்போசிஷன் திட்டத்துக்கு, அதாவது சின்ன வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற திட்டத்துக்கு, போகலாமே என்று கேட்பார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. அந்தத் திட்டத்தில் இருப்பவர் மாநிலம் தாண்டிச் சரக்கு விற்கக் கூடாது. எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் ஒரு பேக்கரிக்கு இருபது கிலோ போட்டாலும் அது வேறு மாநிலம்தான்.

எல்லாத் தொழிலிலும் நாள் கணக்கு வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கன்னியாகுமரியில் கலர் மண் பாக்கெட்டும் சங்கும் விற்கிற கடைக்கு ஐயப்ப சீசனில் கையில் வைக்க இடமில்லாமல் காசு வரும், மழைக் காலத்தில் ஈ ஓட்டும். ஓணத்துக்கு முந்தின வாரம் தோவாளையில் பூ வியாபாரி தூங்குவதே இல்லை. ரப்பர் ஷீட் வாங்குகிறவருக்கு அடைமழை பெய்தால் பால்வெட்டு நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் படகு இஞ்சின் மெக்கானிக். இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரைக்குச் சேர்ந்த சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கே குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது தடைக்காலத்தில்தான். அதாவது மெக்கானிக்குக் கை நிறைய வேலை இருக்கிற மாதத்தில் படகுக்காரர் கையில் வருமானம் இல்லை. பாகம் வாங்கி மாட்டுவது மே மாதம், பணம் பார்ப்பது படகு கடலுக்குப் போய்த் திரும்பின பிறகு. இரண்டு துறைமுகத்திலும் வேலை பார்க்கிற ஒருவர், கிழக்கே வசூலாகிற பணத்தை வைத்து மேற்கே உள்ள வேலைக்குப் பாகம் வாங்குகிறார். அவர் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. இரண்டு தேதியைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

உங்களுக்கும் அப்படி ஒரு சுவர் வேண்டும். ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் கைக்கு வரப்போகிற பணம், கையை விட்டுப் போகப்போகிற பணம், இரண்டே வரி. விற்பனையை எழுத வேண்டாம், பணத்தை மட்டும் எழுதுங்கள். ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம், வண்டி இன்ஷூரன்ஸ், போனஸ் எல்லாம் அதில் ஏறட்டும். எந்தக் கட்டத்தில் போவது வருவதை விடக் கூடுகிறதோ அந்த மாதத்துக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். வங்கிக்குப் போவதானாலும் அந்தத் தாளோடு போனால் மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பார்.

பள்ளிக்கூடக் கட்டணம் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் பெரிய ஓட்டை. நம் ஊரில் கல்லாவும் வீட்டு அலமாரியும் ஒன்றுதான். மச்சினிச்சி கல்யாணத்துக்கு மொய், அம்மாவுக்கு மருந்து, கோயில் கொடைக்கு வரி, எல்லாம் கல்லாவிலிருந்து போகும். போவதில் தப்பில்லை, உங்கள் பணம்தானே. எழுதாமல் போவதில்தான் தப்பு. சிப்ஸ்காரர் மாதம் எவ்வளவு எடுக்கிறார் என்று கேட்டதற்கு "ஒரு முப்பது" என்றார். ஜிபே வரலாற்றைப் பார்த்து எழுதினோம். அறுபத்தெட்டாயிரம். அவர் மனைவிதான் முதலில் வாய் விட்டுச் சிரித்தது. பிறகு அவரே சொன்னபடி நாற்பதாயிரம் சம்பளம் என்று முடிவானது. ஒன்றாம் தேதி வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிடுவது, அதற்கு மேல் வேண்டுமென்றால் கைமாத்து என்று நோட்டில் எழுதுவது. வங்கியில் இரண்டு கணக்கு வேண்டும் என்று பத்து வருஷமாகச் சொல்லி வருகிறேன், பாதிப் பேர் கூடக் கேட்பதில்லை.

இன்னொரு தவறு படித்தவர்களும் செய்வது. சுற்ற வேண்டிய பணத்தைத் தூக்கி இயந்திரத்தில் போடுவது. சீசன் முடிந்து கையில் நான்கு லட்சம் நிற்கும், "மிஷின் போட்டா கூலி மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். மிஷின் தன் விலையைச் சம்பாதித்துத் தர நான்கு வருஷம் ஆகும். காய் வாங்கப் பணம் நாளைக்கே வேண்டும். நீண்ட நாள் உழைக்கிற பொருளுக்கு நீண்ட நாள் தவணைக் கடன், தினசரிச் சரக்குக்கு கேஷ் கிரெடிட், அதாவது வங்கி வைக்கிற ஒரு லிமிட்டுக்குள் வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டுகிற கடன். முத்ரா என்ற அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில் 2015 முதல் ஐம்பதாயிரம் வரை சிசு, ஐந்து லட்சம் வரை கிஷோர், பத்து லட்சம் வரை தருண் என்று பிரிவுகள் உண்டு. கேஷ் கிரெடிட்டில் எடுத்து உபயோகித்த பணத்துக்கு, உபயோகித்த நாளுக்கு மட்டும் வட்டி. மூணு வட்டிக்காரரிடமிருந்து இதற்கு மாறினாலே சிப்ஸ்காரருடைய சுமை பாதியாவது இறங்கும். ஆனால் நாள் கணக்கைச் சரி செய்யாமல் லிமிட் வாங்கினால், ஆறு மாதத்தில் லிமிட்டும் தொட்டுவிடும், அதே சனிக்கிழமை திரும்ப வரும்.

போன ஓணத்துக்கு அவருக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. இருபது நாளைக்குத் தினச் சரக்கை இரட்டிப்பாக்க வேண்டும். கூடுதல் செலவு நான்கு லட்சம், பணம் 45 நாளில். ஓணம் நெருங்க நெருங்க நேந்திரங்காய் விலையும் ஏறும். பழைய ஆளாக இருந்தால் அன்று மாலையே வட்டிக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். இந்தத் தடவை தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பாதி ஆர்டரை மட்டும் எடுப்பது, 40 சதவீதம் முன்பணம் கேட்பது என்று எழுதினோம். அவர்கள் 25 சதவீதத்துக்குத்தான் ஒத்துக்கொண்டார்கள். 2,30,000 ரூபாய் பில்லுக்கு 57,500. மீதி வேண்டிய 1,42,500-ஐ எங்கிருந்து எடுப்பது என்று என் மேஜையிலேயே உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டினார், இடையில் எழுந்து போய், கேட்டால் அன்றைக்கே கொடுக்கிற அந்த ஒன்பது கடைக்காரர்களில் இரண்டு பேருக்குப் போன் போட்டார்.